இல்யாஸின் திரையை நான் திருத்திய வியாழக்கிழமை

"வியாழன். பின்னேரம் நாலேகால். திரை சூடாகும்வரை அரை மணித்தியாலம் விட்டேன். வெள்ளை: ஆறாயிரத்து ஐந்நூறு. சரி. அவனுடையதும் திருத்தியாயிற்று."

என் நிறக் கொப்பியில் இருக்கும் பதிவு இது. மொனிட்டரை அளக்கும் ஒவ்வொரு தடவையும் கிழமை, நேரம், அளவு எல்லாவற்றையும் அந்தப் பாடசாலைக் கொப்பியில் எழுதிவைப்பது என் வழக்கம். இந்தப் பதிவின் கடைசி வரி மட்டும் வேறு பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. மாதம் இல்லை, ஆண்டும் இல்லை. திகதி போடாமல் கடிதம் எழுதும் வாசகர்களை இந்தத் தொடரில் இரண்டு தடவை கடிந்திருக்கிறேன். அவர்கள் இப்போது சிரிக்கலாம்.

முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை வைத்துப் பார்த்தால், அது சுனாமி கழிந்து வந்த முதல் ஆடி அமாவாசைக்கும் அந்த வருட மாரிக்கும் இடைப்பட்ட ஒரு வியாழக்கிழமை. இதற்குமேல் நெருங்க முடியவில்லை.

அன்று நான் ஓட்டமாவடியில், பிரதான றோட்டில், இல்யாஸின் படக்கடையில் இருந்தேன். அவனுடைய மொனிட்டரின் கண்ணாடியில் என் கருவி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்றான் இல்யாஸ். என்னைவிட நாலு வயது இளையவன்.

"என்ன அண்ணன் இது, தவளைக்குட்டி மாதிரி ஒட்டிக் கிடக்கு? கண்ணாடிய நக்குதா?"

"நக்கயில்ல. பாக்குது."

"நான் பாக்கிறதுக்கு மேலயா?"

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு "ஓம்" சொல்வதற்காகத்தான் மட்டக்களப்பிலிருந்து இரண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்து போயிருந்தேன்.

தவளை வந்த வழி

சென்ற பகுதியில், பாலத்தடியில் இருந்த என் கடைக்கு இரண்டு கதவு என்று எழுதிவிட்டேன். மூன்று. மூன்றாவது கதவு வாவிப் பக்கம் திறக்கும். அந்தக் கதவால்தான் வெள்ளைத்தாடிக்காரர் வந்தார்.

கடல் வந்து போன கிழமைகளில் ஊருக்குள் கமராக்கள் நிறைய வந்தன. இவரும் அப்படி வந்த ஒரு வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர். தன் கணினிக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டதென்று என்னுடையதில் வேலை செய்யக் கேட்டார். என் திரையைப் பார்த்ததும் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். பிறகு பையிலிருந்து உள்ளங்கை அளவான ஒரு கறுப்புச் சாமானை எடுத்தார். அடியில் உறிஞ்சு குமிழ்கள், பின்னால் ஒரு வயர். குளியலறைச் சுவரில் தவளை ஒட்டுவதுபோல அதைக் கண்ணாடியில் ஒட்டினார்.

அது செய்யும் வேலை இவ்வளவுதான். கணினி திரையில் ஒரு சிவப்பைக் காட்டும், பிறகு ஒரு பச்சை, ஒரு நீலம், பிறகு சாம்பல் நிறங்கள். தவளை ஒவ்வொன்றையும் அளக்கும். கேட்ட சிவப்பு எவ்வளவு, திரை காட்டிய சிவப்பு எவ்வளவு, வித்தியாசம் என்ன என்று கணக்கெடுத்து ஒரு சின்னக் கோப்பாக எழுதிவைக்கும். அதற்குப் பெயர் புரொஃபைல். அதன்பிறகு கணினி அந்த வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டித் திரைக்கு அனுப்பும். நேரத்தோடு மொனிட்டர் தளரும். ஆகவே மாதம் ஒரு தடவையாவது திரும்ப அளக்க வேண்டும்.

வேலை முடிந்து திரை சரியானபோது, ஐந்து வருடமாக நான் ஒரு நீலக் கண்ணாடிக்குள்ளால் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. எத்தனை மணப்பெண்களின் சேலையை மாற்றியிருப்பேனோ!

அவர் போகும்போது தவளையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறந்து வைத்தாரா, தந்துவிட்டுப் போனாரா தெரியாது. தந்ததாகவே கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து கல்லடிக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் ஒழுங்கான திரை என்னுடையது ஒன்றுதான் என்ற நம்பிக்கையில் நடமாடினேன். நடையே மாறிவிட்டதாக மனைவி சொன்னாள்.

நெகட்டிவ் என்னிடம்

அக்கா வாகரையில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் படகு எஞ்சின் திருத்துகிறவர். கடல் வந்த அன்று காலை கரையில் யாருடைய எஞ்சினையோ கழற்றிக்கொண்டிருந்தவர். உடல் கிடைக்கவில்லை. வீடும் இல்லை. அக்கா நிவாரணத்துக்குக் கிடைத்த பிளாஸ்டிக் தறப்பாளில் கட்டிய ஒரு கூடாரத்தில் இருந்தாள். இதெல்லாம் முந்திய பகுதிகளில் வந்துவிட்டது.

அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம். கும்பிடுவதற்கு.

அத்தானின் நல்ல படம் ஒன்று என்னிடமே இருந்தது. அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் திருவிழாவுக்கு வந்திருந்தபோது தீர்த்தக்கேணிக் கரையில் நிறுத்தி நானே எடுத்தது. நெகட்டிவ் பழுதாகாமல் இருந்தது. ஸ்கேன் செய்தேன். முதல்நாள்தான் மொனிட்டரை அளந்திருந்தேன். அத்தானுடையது மினுங்குகிற கறுப்பு. நெற்றியில் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும். இரண்டு நாள் இருந்து அந்த நிறத்தைப் பிடித்தேன். பிரதி எடுத்துக் கடை வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். கேணிக்கரையில் நின்ற அத்தான்தான்.

அதை நானே கொண்டுபோகவில்லை. வாகரைக்குப் போகும் உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். காரணம் "பாதை மூடியிருக்கிறது" என்று கொப்பி சொல்கிறது. பாதை நாலு நாளில் திறந்துவிட்டது. உடல் இல்லாத அந்தத் துக்கத்துக்குள் போய் உட்கார எனக்குத் துணிவு இருக்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். கையில் படம் இல்லை.

"படம் எப்பிடி அக்கா?"

"குறை நினையாத தம்பி. அது அவர் இல்ல."

"நெகட்டிவில இருந்து எடுத்தது அக்கா. அவரேதான்."

"அவர்தான், ஓம். ஆனா அவர் இல்ல. பாக்கப் பயமாக் கிடக்கு. பெட்டிக்குள்ள வெச்சிட்டன்." கதிரையில் உட்கார்ந்தாள். "ஓட்டமாவடியில இல்யாஸ் தம்பியிட்டச் செஞ்சன். கலியாணப் படம் ஒண்டு தண்ணியில ஊறிக் கிடந்திச்சே, அதக் குடுத்து. அதுதான் அவர்."

அந்த ஊறிய படத்தை நான் பார்த்திருக்கிறேன். மூக்குக்குக் கீழே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இல்யாஸ், அத்தானின் தம்பியை அழைத்து உட்காரவைத்துப் படம் பிடித்து, அந்த வாயை எடுத்து ஒட்டியிருக்கிறான்.

இன்னொருவரின் வாய்! அக்காவுக்கு அதுதான் அவர். என்னுடையது அவர் இல்லை.

சிவப்பு மிகுதி

அக்கா மட்டும் என்றால் நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. வாகரைப் பக்கத்துச் சனம் எல்லாம் அவனிடமே போனது. அடையாள அட்டைக்கு என்னிடம் படம் எடுக்க வந்தவர்கள், இறந்தவர்களின் படத்துக்கு ஓட்டமாவடியில் இறங்கினார்கள். என் கடைக் கதிரையில் இருந்து, என் சீப்பால் தலை வாரிக்கொண்டே அதைச் சொன்னார்கள்.

"அவன்ட படத்தில அப்பிடி என்னதான் கிடக்கு?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"அதில ஆள் உசிரோட இருக்காரு தம்பி."

பெருப்பிக்க வேண்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லி, அவர்களில் ஒருவரிடம் இல்யாஸ் செய்த படம் ஒன்றை வாங்கி என் மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். கள்ளுக் கொட்டிலிலிருந்து நேரே வந்த முகம். கொப்பியில் எழுதினேன்: "சிவப்பு மிகுதி. மிக மிகுதி." அவன் கடைப் பலகையில் எழுத்துகள் நேராக இல்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது நிறக் கொப்பியில் இருக்க வேண்டிய விசயம் அல்ல.

"சனத்துக்கு நிறம் தெரியாது" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப அக்காவுக்கும் தெரியாதோ?" என்றாள் அவள், மீன் வெட்டியபடி.

மறுநாள் தவளையைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முதல் சோதனைச் சாவடியில் பையைத் திறந்த சிப்பாய், வயரையும் குமிழ்களையும் கண்டதும் இரண்டடி பின்னால் போனான். "இது என்னா?" என்றான்.

"ரீவிக்கு வருத்தம் பாக்கிற சாமான், மாத்தயா."

அவன் அதை நெஞ்சில் வைத்துக் காட்டி, டாக்டர் வைத்துப் பார்ப்பதா என்று சைகையில் கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். சிரித்துவிட்டு விட்டான்.

இல்யாஸிடம் "உதவி செய்ய வந்தன்" என்றேன். அவன் நம்பினான். அல்லது நம்பியதாகக் காட்டினான்.

அவனுடைய மொனிட்டரைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்காமல் எழுதுகிறேன். வெள்ளை என்று அது காட்டியது பாசி பிடித்த குளத்துத் தண்ணீர். சிவப்பு கிட்டத்தட்டச் செத்திருந்தது. அந்தத் திரையில் ஒரு முகம் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் அளவுக்கு மீறிச் சிவப்புப் போட்டாக வேண்டும். போட்ட சிவப்பெல்லாம் பிரதியில் வந்து இறங்கும். இதுதானா உன் கைராசி, இல்யாஸ்! நோயாளி மொனிட்டர் ஒன்றைப் பார்த்தா நான் இவ்வளவு நாள் வயிறு எரிந்தேன்?

திருத்துமுன் திரையை என் கமராவால் ஒரு படம் எடுத்தேன். திருத்திய பிறகு இன்னொன்று. இரண்டையும் அவனுக்குக் காட்டினேன். அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

"அல்லாவே! இவ்வளவு காலமும் நான் குருடனாவா இருந்திருக்கன்?"

"ஓம்" என்றேன். அன்றைக்கு இரண்டாவது தடவை.

கடைக்குத் திரும்பி வந்து என் மொனிட்டரையும் அளந்து, நேரமெல்லாம் எழுதி, பிறகு மேசையில் கிடந்த மற்றப் பேனாவை எடுத்து அந்தக் கடைசி வரியை எழுதினேன்.

செத்தவர்கள் செத்த மாதிரியே

இரண்டு கிழமைக்குள் தொலைபேசி வந்தது.

"அண்ணன், நீங்க திருத்திப் போட்டுப் போன பிறகு, மவுத்தான ஆக்கள் மவுத்தான மாதிரியே வாறாங்க."

"என்ன சொல்றாய்?"

"திரையில நல்லாத்தான் இருக்கு. பிரிண்டும் அப்பிடியேதான் இருக்கு. கொண்டுபோன ஆக்கள் திருப்பிக் கொண்டு வாறாங்க. நேத்து ஒரு பொம்புள இதில இருந்து அழுதிட்டுப் போச்சு."

"அதுதானப்பா சரியான நிறம். சனம் பழகும்" என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு, கேட்காமலே மனைவிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அந்த வியாழக்கிழமையிலிருந்து பத்தொன்பதாம் நாள், அக்காவுக்குக் காய்ச்சல் என்று பஸ் நடத்துனர் மூலம் தகவல் வந்தது. போனேன். கூடாரத்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

உச்சி வெயில். நீலத் தறப்பாள். உள்ளே இருந்த வெளிச்சம் முழுவதும் நீலம். பாய் நீலம், தண்ணீர்க் குடம் நீலம், அக்காவுக்கு நீட்டிய என் கை நீலம். கூடாரக் கம்பில் இல்யாஸ் செய்த படம் தொங்கியது. அந்த நீலத்துக்குள் அது ஒன்றுதான் நிறம் மாறாமல் இருந்தது. நான் மிகுதி என்று எழுதிய சிவப்பை அந்த நீலம் தின்றிருந்தது. மினுங்கும் கறுப்பு, நெற்றியில் செம்பு. அத்தான், தம்பியின் வாயோடு, காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"என்ட படத்த எடு அக்கா."

பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தாள். கையில் வாங்கினேன். கன்னம் சாம்பல், உதடு கருநீலம். நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்த முகம். உடல் கிடைக்காத மனிதரை, கடலுக்குள்ளிருந்து எடுத்ததுபோல அவர் மனைவியின் கையில் கொடுத்திருக்கிறேன்.

அக்கா "பாத்தியா" என்று மட்டும் சொன்னாள்.

படத்தை வெளியே கொண்டுபோனேன். வெயிலில் அது சரி. உள்ளே கொண்டுவந்தேன். பிரேதம். திரும்பவும் வெளியே போனேன்.

பக்கத்துக் கூடார வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண் கேட்டாள்: "என்னகா, உன்ட தம்பி படத்துக்கு வெயில் காட்டுறாரு?"

"ஓங்கா" என்றாள் அக்கா உள்ளிருந்து. "ஈரம் காயட்டும் எண்டு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா சிரித்து நான் அந்த வருடத்தில் கேட்டது அன்றுதான்.

திரையை அளந்தேன், வெள்ளையை அளந்தேன். படத்தை எங்கே மாட்டப் போகிறாய் என்று மட்டும் நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

நாலு கம்பு

திரும்பும் வழியில் ஓட்டமாவடியில் இறங்கினேன். அந்தப் புரொஃபைலை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது என் எண்ணம். எந்த வார்த்தையில் கேட்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை.

கடை வாசலோரம் நாலு கம்பு நட்டு, மேலே ஒரு துண்டு நீலத் தறப்பாள் கட்டியிருந்தான் இல்யாஸ். அடியில் ஒரு ஸ்டூல். அதில் ஈரம் காயாத பிரதி ஒன்றை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணன். இரிங்க."

"அந்தப் புரொஃபைல அழிச்சுப்போட்டுப் போவம் எண்டு வந்தன்."

"அதில மட்டும் கை வையாதீங்க!" என்று எழும்பினான். "இப்பதான் மொனிட்டர் உள்ளத உள்ளபடி காட்டுது. கூடாரத்துக்குப் போற படத்த இதுக்குள்ள வெச்சுப் பாத்து, கேக்கிற சிவப்பப் போடுறன். கல்வீட்டுக்குப் போற படத்துக்கு அப்பிடியே விடுறன். முந்தி எல்லாம் ஒரு குத்துமதிப்பு அண்ணன். இப்ப கணக்கு."

அவனிடம் இப்போது இரண்டும் இருந்தன. என் தவளை தந்த கண், அவனுடைய தறப்பாள். அவனைக் கவிழ்க்கப் போன நான், அவனிடம் இல்லாத ஒன்றைச் சுமந்துபோய்ச் சோதனைச் சாவடியில் பொய் சொல்லி வீடு தேடிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"இத எப்ப கட்டினாய்?" என்று கேட்டேன்.

"கிடந்ததுதான்" என்றான்.

தறப்பாள் கிடந்ததா, கட்டியே கிடந்ததா? திரும்பக் கேட்பதற்குள் இரண்டு பெண்கள் படத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவன் அவர்களிடம் முதலில் கேட்டது: "எங்க மாட்டப் போறீங்க?"

வெள்ளைச் சுவர்

பிறகு யுத்தம் வாகரைக்கு வந்தது. சனம் காட்டு வழியாலும் களப்பு வழியாலும் வந்து சேர்ந்த நாட்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். அக்கா கொண்டுவந்தது ஒரு உடுப்புப் பை. அதற்குள் சேலையில் சுற்றிய இல்யாஸின் படம். என்னுடையதைக் கேட்டேன்.

"அது பெட்டிக்குள்ள பத்திரமாக் கிடக்கு" என்றாள். பெட்டி வாகரையில் கைவிட்டு வந்த கூடாரத்தில் என்று இருவருக்கும் தெரியும். மறுபடியும் தறப்பாள், மறுபடியும் கம்பில் அதே படம்.

யுத்தம் முடிந்து, அக்காவுக்கு ஒரு கல்வீடு கிடைத்தது. வெள்ளைச் சுவர், கிழக்கே ஒரு பெரிய யன்னல். குடிபுகுந்த கிழமையே என் கடைக்கு வந்தாள், படத்தோடு.

"தம்பி, வீட்டுச் சுவரில மாட்டினா இவருக்கு வெறி போலக் கிடக்கு. இவர் குடிக்கிற ஆளே இல்லையே."

அந்த ஸ்கேனைப் பதிந்து வைத்த பழைய இறுவட்டைத் தேடி எடுத்தேன். கேணிக்கரைப் படம். ஒரு புள்ளியையும் மாற்றாமல் பிரதி எடுத்து, நானே கொண்டுபோய், அந்த யன்னல் வெளிச்சத்தில் சுவரில் மாட்டினேன். அக்கா நெடுநேரம் பார்த்தாள். சொந்த வாயோடு இருந்த அத்தானைப் பார்த்தாள்.

"இதுதான் அவர்ர நிறம்" என்றாள்.

இந்த வார்த்தைக்கு நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். அது வந்தது. பின்னாலேயே இதுவும் வந்தது:

"இல்யாஸ் தம்பி சொன்னது சரிதான். கல்வீட்டுக்குப் போனா இது சிவந்து காட்டும், அப்ப உங்கட தம்பியிட்டப் போங்க, சரியான நிறம் அவரிட்டத்தான் இருக்கு எண்டவர்."

"எண்டைக்குச் சொன்னவர்?"

"எண்டைக்கோ. படம் தந்த அண்டைக்கா, மறுகா ஒருநாள் கடைக்குப் போன அண்டைக்கா... ஆருக்கு ஞாபகம்? அதுக்கு என்ன இப்ப?"

அதுக்கு நிறைய இருக்கிறது. படம் கொடுத்த நாளில் சொன்னான் என்றால், நான் தவளையோடு போவதற்கு முன்பே அவனுக்கு எல்லாம் தெரியும். அந்தச் சிவப்பு மொனிட்டரின் நோய் அல்ல, அவன் வேண்டுமென்று போட்டது. பின்னொரு நாளில் சொன்னான் என்றால், அவன் கண்ணைத் திறந்தது நான். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டும் அவன் வாயால்தான் வந்தது என்பதை இரண்டு கணக்கிலும் மாற்ற முடியாது.

அன்று அவன் மொனிட்டரைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் சான்று ஒன்று உண்டு. அந்த வியாழக்கிழமை, திருத்துமுன் அவன் திரையை நான் எடுத்த படம். அதன் இடது மேல் மூலையில், கடை வாசல் தெரியும் இடத்தில், விரல்நக அளவு நீலம் இருக்கிறது. பெருப்பித்துப் பார்த்தேன். அதன் நிற எண்களை எடுத்துக் கொப்பியில் எழுதினேன். அது தறப்பாளாக இருக்கலாம்; ஆனால் அவன் கடைக் கதவும் நீலம்தான். திருத்திய பிறகு எடுத்த படத்தில் அந்த மூலை இல்லை, என் தோள் மறைத்திருக்கிறது.

இல்யாஸ் இப்போது கடை நடத்துவதில்லை. இலக்கம் என்னிடம் இருக்கிறது. இதை எழுதத் தொடங்கிய பிறகு இரண்டு தடவை அழைத்தேன். இரண்டு தடவையும் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகவே, அந்தத் தறப்பாள் துண்டு நான் போவதற்கு முன்பே அங்கே கட்டியிருந்ததா, பிறகு கட்டியதா என்பதை இந்த வாரம் வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.